எழுபத்தெட்டுக்குக் கீழே

ஜூன் 3, திங்கள்

எடை 91.4.

டாக்டர் நசீமாவின் கிளினிக்கில் எடை பார்க்க ஜெயா என்று ஒரு பெண் இருக்கிறாள். பார்ப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. ஏலம் விடுகிற மாதிரி சத்தம் போட்டுச் சொல்கிறாள். "பூங்கொடி, தொண்ணூத்தியொண்ணு புள்ளி நாலு!" பெஞ்சில் இருந்தவர்கள் பெயரைக் கேட்டு ஒரு தரம், எடையைக் கேட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்கள். என் அப்பா எந்த நேரத்தில் இந்தப் பெயரை வைத்தாரோ.

இன்றிலிருந்து எனக்கு இரண்டு நோட்டு. ஒன்று டாக்டர் எழுதச் சொன்னது. காலையில் எழுந்ததிலிருந்து வாயில் போடுவதையெல்லாம் அதில் குறிக்க வேண்டும். அதை என் வீட்டுக்காரர் தினமும் வாங்கிப் பார்ப்பாராம். இது மற்றது. என் மகள் இனியாவின் போன வருட வேதியியல் நோட்டு, பின்பாதி காலியாகக் கிடந்தது. தையல் மெஷின் டிராயரில் பாபினுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். ரவிக்கைத் துணிகளுக்குள் கை விடுகிற ஆண்பிள்ளை இந்த வீட்டில் இல்லை.

விஷயம் இதுதான். வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், திருப்பூர் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். மாற்றுக் கிட்னி வைக்க வேண்டும். அவருடைய அக்கா சரோஜா நங்கைக்குச் சர்க்கரை இருக்கிறது. தம்பி சம்பாதிக்கிற ஆம்பளை, ஓடியாடி வேலை செய்கிறவர். இனியாவுக்குப் பதினேழு வயது, சட்டம் விடாது. மீதி நான். எனக்கு ஓ பாசிட்டிவ், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துமாம். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது முடிவாகியிருந்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு எடை ஒன்றுதான் இடிக்கிறது என்றார்கள். எழுபத்தெட்டுக்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்களாம். உள்ளூரில் ஒரு டாக்டரிடம் காட்டிக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

"பட்டினி கெடக்கக் கூடாதுங்க. தட்டுல பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு, இல்ல முட்டை. தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. வாராவாரம் திங்கட்கெழம வந்து எடை பாருங்க" என்றார் டாக்டர். அவருக்கும் இடுப்பு நாற்பது இஞ்சுக்குக் குறையாது. இருபது வருடம் ரவிக்கைக்கு டேப் பிடித்த கண், ஏமாறாது.

"இவளுக்கு வாயைக் கட்டுனாப் போதுமுங்க" என்றார் வீட்டுக்காரர்.

ஜூன் 5

டாக்டர் நோட்டில்: ராகிக் களி ஒரு உருண்டை, கீரை, மோர். நிஜத்திலும் அதேதான்.

ஜூன் 12, புதன்

நான்கு நாளாக அரசுப் பள்ளி மைதானத்தில் நடக்கிறேன். ஐந்து சுற்றுக்கு மூச்சு வாங்குகிறது. எங்கள் பெயிண்ட் கடையை இப்போது மைத்துனர் பார்த்துக்கொள்கிறார். அதனால் வீட்டுக்காரர் மைதானத்துக்கே வந்து காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்து சுற்றை எண்ணுகிறார்.

இன்று ஒன்று நடந்தது. "பூங்கொடி, தண்ணி குடிச்சுட்டுப் போ" என்றார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் பருமனைச் சொல்லிக் குந்தாணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கடைக்கு வரும் பையன்கள் முன்னால், அவர் தம்பி பெண்டாட்டி முன்னால், எல்லோர் முன்னாலும். எனக்கே என் பெயர் மறந்துபோயிருந்தது.

ஜூன் 24, திங்கள்

89.3. வீட்டுக்காரர் எனக்கு நடக்கிற ஷூ வாங்கி வந்தார். சைஸ் சரியாக இருந்தது. என் செருப்பைப் புரட்டிப் பார்த்திருப்பார்.

ஜூலை 15, திங்கள்

86.2. டாக்டர் கைதட்டினார். "இந்த மாதிரி எனக்குப் பத்துப் பேஷண்ட் இருந்தாப் போதும்" என்று சொல்லி, அடுத்து உட்கார்ந்திருந்த அம்மாளிடம் என் நோட்டைக் காட்டினார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புருசனுக்காகவா? நீ மகராசி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

அவர் திருப்பூர் போயிருக்கிறார். காலையிலிருந்து மூன்று ரவிக்கை வெட்டினேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் "என்னக்கா பண்றீங்க, இப்படி எளச்சிட்டீங்க" என்கிறார்கள். என்னுடைய ரவிக்கைகளைப் பக்கத்துக்கு ஒரு இஞ்ச் பிடித்தேன். முட்டி வலி பாதி போய்விட்டது. மாடிக்கு ஒரே மூச்சில் ஏறித் துணி எடுத்துவிட்டு இறங்குகிறேன். கண்ணாடியில் கழுத்தெலும்பு தெரிகிறது. இதெல்லாம் பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

இந்த உடம்பை நான் எனக்காகக் குறைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன், எல்லோருக்கும். எனக்கு மட்டும் வெள்ளரிக்காய். "பாரு, தாலிக்காகத் தவம் இருக்கறா" என்று சரோஜா நங்கை தன் ஓரகத்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவர் கையில் நாலாவது கச்சாயம். சர்க்கரைக்காரர்.

ஆகஸ்ட் 26, திங்கள்

80.7.

ஜெயா சத்தம் போட்டதும் வீட்டுக்காரர் மெஷின் பக்கத்தில் வந்து தானும் குனிந்து பார்த்தார். மூன்று கிலோதான் பாக்கி. கிளினிக்கில் இருந்தே கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். அக்டோபர் கடைசியில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார்களாம். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் வட்டம் போட்டார்.

"இருக்கறது ரெண்டு. ஒண்ணு போனா என்ன, ஒண்ணு கெடக்குதில்ல" என்றார் நங்கை.

ஆகஸ்ட் 28, புதன்

ஏழு வருடத்துக்கு முன்னால் இதே தேதியில்தான் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பைக்கிலிருந்து இறக்கிவிட்டு, கடையில் லோடு வருகிறது என்று போனார். கையெழுத்துப் போட ஆளில்லை. என் அண்ணன் தாராபுரத்திலிருந்து வந்து போட்டான். வீட்டுக்காரர் மூன்றாம் நாள் வந்தார். உட்காரவில்லை. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "எப்ப விடுவாங்களாம்? வீட்ல சோத்துக்கு வழியில்ல" என்றார். பிறகு நர்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இத்தனை கொழுப்புல கத்தி எறங்குச்சுங்களா?" என்று கேட்டார். வார்டில் நாலு பேர் சிரித்தார்கள்.

அதையெல்லாம் நான் நினைப்பதே இல்லை.

மத்தியானம் ஊத்துக்குளி வெண்ணெயைக் காய்ச்சினேன். நெய் ஆறுவதற்குள் அரிசிம்பருப்புச் சோற்றில் ஊற்றி மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டேன். பசியாக இருந்திருக்கும். டாக்டர் நோட்டில்: சோறு ஒரு கப், பீர்க்கங்காய்.

செப்டம்பர் 2, திங்கள்

81.6. "மெசின் கோளாறுங்க" என்றார் வீட்டுக்காரர். டாக்டர் ஒரு தரம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அவருடைய எடையை ஜெயா சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

82.3. சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி, கொழுக்கட்டை. கை தானாகப் போகிறது, என்ன செய்வது.

கிளினிக்குக் கிளம்பும்போது தாகமாக இருந்தது, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் இடுப்பிலேயே இருந்துவிட்டது. வேலை மும்முரத்தில் எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

82.5. போன வாரம் டாக்டர் எடுக்கச் சொன்ன தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒன்றும் கோளாறு இல்லை. டாக்டர் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல எழுதியிருக்கறத மட்டும் சாப்பிட்டா நீங்க இந்நேரம் எழுபத்தெட்டுல இருக்கணும், பூங்கொடி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றும் கத்தரிக்கோல் மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நெய், வெல்லம், எண்ணெய் டின் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் பீரோவில் வைத்துப் பூட்டினார். இனிமேல் சமைக்கும்போது கரண்டிக் கணக்கில் எடுத்துத் தருவாராம். நங்கை பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார், காவலுக்கு.

செப்டம்பர் 19, வியாழன்

பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் வாங்கிய ஜிலேபிப் பொட்டலத்தைக் கஸ்டமர் துணிப்பையில் வைத்திருந்தேன். ஊசி தேடிய இனியா அதை எடுத்துவிட்டாள். என்னையே பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, பையைப் பழையபடி வைத்தாள். "அம்மா, அப்பாவுக்கு நெசமாவே சரியாயிருமா?" என்று கேட்டாள். ஆகும் கண்ணு என்றேன். அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவளுடைய ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. "அப்பா வந்தாப் போதும்" என்று அவர் சொல்லிவிடுவார். அது அவளுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தையல் வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 23, திங்கள்

82.9.

ஜெயா சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் கத்தினார். "தின்னே என்னைக் கொல்லப் பாக்கறா டாக்டர், இந்தக் குந்தாணி! வீடு பூராம் பூட்டு போட்டும் எங்கிருந்துதான் திங்கறாளோ!" பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பழைய பெயர் திரும்பி வந்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டார்கள், எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு, "இடுப்புல என்னங்க?" என்றார். நான் கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறையும்.

"எடை பார்க்க வர்றவங்க தாலிச் செயினைக் கூடக் கழட்டி வெச்சுட்டு ஏறுவாங்க. நீங்க இரும்பு சொருகிட்டு வர்றீங்க" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஒண்ணு கேக்கறேன். மொத நாளே கேட்டிருக்க வேண்டியது. கிட்னி குடுக்க உங்களுக்கு இஷ்டமா?"

"என்னங்க டாக்டர், தாலி கட்டுனவருக்குக் குடுக்காம..."

"நான் அவரப் பத்திக் கேக்கல. உங்களக் கேக்கறேன்."

எழுந்து நின்றுவிட்டேன். அவரே சொன்னார்: "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். கோயம்புத்தூர்ல நான் பேசறேன். இவங்க உடம்புக்கு ஒத்துவராதுன்னு மட்டுந்தான் அங்க சொல்லுவாங்க. ஏன் எதுக்குன்னு யாருக்கும் சொல்ல மாட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்குக் கூட."

எதற்கு இந்த அநாவசியக் கேள்வியெல்லாம். எடை பார்க்கிற டாக்டர் எடையைப் பார்க்க வேண்டியதுதானே.

செப்டம்பர் 24

கிட்னிப் பேச்சு எடுத்த அன்று ஹாலில் ஏழு பேர் உட்கார்ந்து பேசினார்கள். கோயம்புத்தூரில் மூன்று டாக்டர் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே கடைசியில் ஒரு கமிட்டி கேட்குமாம், கேமரா வைத்து. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மைத்துனர் இப்போதே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு ஆளாவது என் இஷ்டத்தைக் கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 4, வெள்ளி

இத்தனை நாள் எழுதவில்லை.

அவர் நங்கையோடு திருப்பூர் போனதும் கிளினிக்குக் கிளம்பினேன். நோட்டு எடுத்துப் போகவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. கத்தரிக்கோலை மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனேன். ஜெயா எடை மெஷினைக் காட்டினாள். "இன்னிக்கு வேண்டாம்" என்று டாக்டர் உள்ளேயிருந்தே சொன்னார்.

நிறையச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில், ஆண்டு விழா, அவருடைய சித்தப்பா பேத்தி கல்யாணத்தில் பந்தியில் என் இலையிலிருந்து லட்டை எடுத்துப் பக்கத்து இலையில் வைத்தது, எல்லாம். உட்கார்ந்ததும் வந்தது ஒரு வார்த்தைதான்.

"முடியாதுங்க."

டாக்டர் காரணம் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு, "நாலு மாசமா உங்க தட்டையே பார்த்துட்டிருந்திருக்கேன். என் தப்பு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. எனக்கு வரவில்லை. அதற்காக என்னை ஒரு மாதிரி நினைத்திருப்பாரோ என்னவோ.

எழுந்தபோது சொன்னார்: "மனசு மாறினா எப்ப வேணும்னாலும் வாங்க. இது பூட்டற கதவில்ல."

அக்டோபர் 16, புதன்

கோயம்புத்தூரிலிருந்து போன். கொடுப்பவர் உடம்புக்கு ஒத்துவராது, வேறு ஆள் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் இறந்தவர்களிடமிருந்து எடுப்பதற்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். வருடக் கணக்கில் ஆகுமாம்.

நங்கை நடு ஹாலில் நின்றுகொண்டு தலையிலடித்துக்கொண்டார். "நாலஞ்சு கிலோ! நாலஞ்சு கிலோவுக்காவ எந்தம்பிய வாரிக் குடுக்கறாளே! நாக்கக் கட்ட முடியாத தின்னிப்பண்டாரம்!" மைத்துனர் என்னைப் பார்க்காமலே வெளியே போனார். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

தெருவுக்கே தெரிந்துவிட்டது. ரவிக்கை வாங்க வந்த பெண்ணொருத்தி என் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். போகட்டும். தின்னிப்பண்டாரம் என்று சொன்னால் எனக்குப் பழகிப்போனது. கொடுக்க மனமில்லாதவள் என்று சொன்னால் இந்த ஊரில் எனக்கு யார் துணி கொடுப்பார்கள், என் மகளை யார் பெண் கேட்டு வருவார்கள். நான் கட்டிக்கொள்வதற்கு இத்தனை வருடமாக அவரே ஒரு புடவை நெய்து வைத்திருக்கிறார். அதைத்தான் எடுத்து உடுத்தியிருக்கிறேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பீரோ திறந்தே கிடக்கிறது, நெய் அப்படியே இருக்கிறது. யாரும் எண்ணவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஒரு வாய் இறங்கவில்லை.

நவம்பர் 9, சனி

நேற்று டயாலிசிஸ் செய்துவந்தும் அவருக்கு மூச்சு முட்டுகிறது. கால் வீங்கி, அமுக்கினால் குழி விழுகிறது. நங்கை கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார், எனவே எல்லாம் நான்தான். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று அளவு. தாகம் தாங்காமல் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை நான் நேராகப் பார்க்க முடியவில்லை.

இனியா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைக்கிறாள்.

நவம்பர் 18, திங்கள்

மெடிக்கல் ஷாப் வாசலில் இருக்கும் மெஷினில் ஏறினேன். வெறுமனேதான், ஏன் என்று தெரியாது. 77.6.

யாரும் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நானே இன்னொரு தரம் ஏறிப் பார்த்தேன். 77.6.

நவம்பர் 20, புதன்

முடிவு செய்துவிட்டேன். அவருக்காக இல்லை, இனியாவுக்காக என்று எழுத நினைத்தேன். அதுவும் முழுசாக உண்மையில்லை. நேற்று டயாலிசிஸ் முடிந்து வந்து, காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்க முடியாமல் என்னைப் பார்த்தார். ஒரு ஆளை அப்படிப் பார்க்கவிட்டு நான் என்ன பெரிய ரவிக்கை தைக்கிறேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போய்ச் சரியென்று சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் அவரிடம் நானே சொல்ல வேண்டும். இந்த முறை யாரும் ஹாலில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, நான் செய்தேன். அதை என் வாயால் சொல்ல வேண்டும்.

நவம்பர் 22, வெள்ளி

இன்று நான்தான் அவரைத் திருப்பூருக்குக் கூட்டிப்போனேன். டயாலிசிஸ் முடிந்து மூன்று மணி பஸ். ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்தேன். பஸ்ஸில் கூட்டமில்லை. படியூர் தாண்டியதும் சொல்லலாம் என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். உள்ளங்கை வேர்த்தது, பெண் பார்க்க வந்த அன்று வேர்த்த மாதிரி.

அவர் முந்திக்கொண்டார்.

"ஏ புள்ள, நீ வேணும்னேதான் தின்னேன்னு எனக்குத் தெரியும்."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே பேசினார்.

"அக்காவுக்குச் சொல்லல. யாருக்கும் சொல்ல மாட்டேன். உம்மேல எனக்குக் கோவமுமில்ல. படுத்தே கெடக்கறேன்ல, யோசிச்சுப் பார்த்தேன். உனக்கு இப்படி ஆயிருந்தா நானுங்கூடக் குடுத்திருக்க மாட்டேன். அதையிதச் சொல்லித் தப்பிச்சிருப்பேன். நீ பண்ணதுல என்ன தப்பு? மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஊசி குத்திக் கறுத்துப்போன கையால் என் கையைத் தட்டிக்கூடக் கொடுத்தார். அவர் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் இவ்வளவு நேர்மையாக அவர் பேசியதில்லை.

படியூர் வந்தது, போனது. நான் அடுக்கி வைத்திருந்ததைச் சொல்லவில்லை. எங்கள் ஊர் காங்கேயத்தில் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினேன்.

நவம்பர் 25, திங்கள்

டாக்டரிடம் போகவில்லை. முகூர்த்த ரவிக்கை இரண்டுக்குக் கொக்கி வைத்து முடித்தேன். மத்தியானம் நன்றாகப் பசித்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.